குளத்துக்கு ஒரு மூடி

கல்யாணமான நாள்தொட்டு எங்கள் வீட்டில் ஓயாமல் நடந்த சண்டை என்றால் அது மூடிச் சண்டைதான். என் வீட்டுக்காரர் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். வேலைக்காலம் முழுக்க நீராவியோடு குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு எங்காவது ஆவி வீணாகப் போவதைக் கண்டால் பொறுக்காது. சமையலறையில் எது கொதித்தாலும் அவர் கை தானாக மூடியைத் தேடும். பருப்பை மூடினால் சரி, யாரும் கேட்கப் போவதில்லை. ரசத்தை மூடலாமா? நுரை கட்டியதும் இறக்க வேண்டியதை மூடிப் பொங்கவிட்டுக் கெடுத்துவிட்டு, “கேஸு மிச்சம்தானே?” என்பார். “ரசம் போச்சுங்களே!” என்று நான் கத்துவேன். அதற்குள் மூடியை வைத்த ஆள் வாசலுக்குப் போயிருப்பார்.

இவ்வளவு மூடிப் பைத்தியம் பிடித்தவர், ஓய்வு பெற்றதும் மூடியே இல்லாத ஒன்றைக் கட்டினார். அருவங்காட்டுக்கு மேலே சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலையும் ஒரு வீடும் உண்டு. பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். அந்த அறைகளுக்கு முன்னால் ஒரு நீச்சல் குளம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிற ஊரில் நீச்சல் குளம்! பக்கத்துத் தோட்டத்து அண்ணன், கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறவர், என் வீட்டுக்காரரை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், வேலியோரம் நின்று கேட்டார்: “ஏனுங்க, மீனு வளர்த்தப் போறீங்களா, இல்ல ஐஸு விக்கப் போறீங்களா?”

குளம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். அது நீளவாக்கில் ஒரு தொட்டி. அடித்தரை மட்டமாக, எங்கும் ஒரே ஆழம், உயரமான ஆளுக்கு நெஞ்சு வரை வரும். ஒரு மூலையில் படி, படியோரம் கைப்பிடிக் கம்பி. மேலே காட்டோரத்து ஊற்றிலிருந்து குழாய் போட்டு நிரப்பினார். வந்த விருந்தாளிகள் ஒரு விரலை நனைத்துவிட்டு “ஆத்தாடி!” என்று பின்னால் துள்ளுவார்கள். சமவெளியிலிருந்து வந்த ஒரு புது மாப்பிள்ளை வீரம் காட்டிக் குதித்துவிட்டு, நீலம் பாரித்து வெளியே வந்து என் அடுப்பின் முன்னால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். அந்தத் தொட்டியை வைத்து நான் அவரைச் சொல்லாத சொல் இல்லை. அதற்கெல்லாம் இப்போது மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சொன்னது அத்தனையும் அன்றைக்கு நியாயம்தான்.

போன வருடம் பனிக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பேச்சும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது: “போதும்.” காப்பி வேண்டுமா என்றால் போதும். வலிக்கிறதா என்றால் போதும். வெளிநாட்டிலிருந்து மகள் போனில் முகம் காட்டி அழுதபோதும் போதும். அவர் சொல்ல நினைப்பது அதுவல்ல என்று அவர் கண்ணைப் பார்த்தால் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் அதுதான் வந்து நிற்கும்.

குன்னூரிலிருந்து பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். என் மகளைவிடச் சின்னவள். ஸ்கூட்டரை எங்கள் சரிவில் ஏற்ற முடியாமல் கீழே நிறுத்திவிட்டு மூச்சு வாங்க நடந்து வருவாள். வீட்டுக்குள் அவரை நிற்க வைக்க அவளும் நானும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் சேர்ந்து தூக்கினாலும், நனைந்த உரமூட்டை மாதிரி மடிந்து விழுவார். ஒருநாள் அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அப்போது குளத்தின் மேல் பனிக்காலத் தார்ப்பாய் கிடந்தது.

“ஆன்ட்டி, அது ஸ்விம்மிங் பூலா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே!”

“அத வேற சொல்லோணுமா கண்ணு? அது எங்கூட்டு அவமானம்.”

அவள் சிரிக்கவில்லை. நெஞ்சு வரைக்கும் தண்ணீரில் நின்றால் உடம்புப் பாரத்தில் பெரும்பங்கைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும் என்றாள். தரையில் நிற்க முடியாத கால் அங்கே நிற்கும். நின்று பழகினால் நடக்கும். ஆனால் ஒன்று, தண்ணீர் குளிர்ந்திருக்கக் கூடாது. குளிர்ந்தால் வலது பக்கத் தசையெல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

குளிர்ந்திருக்கக் கூடாதாம். இந்த மலையில்!

பனி விட்டதும் வேலையை ஆரம்பித்தோம். பனிமாதத்தில் தேயிலைக் கன்றுகளின் மேல் காய்ந்த புல்லைப் போர்த்தி வைப்பதும், பனி முடிந்ததும் அதை எடுத்து வெயில் காட்டுவதும் இங்கே எல்லாரும் செய்வது. அந்தக் கையோடு குளத்தின் தார்ப்பாயையும் உருவிப்போட்டோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கறுப்புக் குழாயைத் தகரக் கூரையின் மேல் சுருள் சுருளாகப் பரப்பி, சின்ன மோட்டார் வைத்துக் குளத்துத் தண்ணீரைப் பகல் முழுக்க அதன் வழியாகச் சுற்றவிட்டார். மலை வெயில்தானே என்று நினைக்கிறவர்கள் மார்ச் மாதத்து மதியத்தில் எங்கள் கூரைமேல் ஒருதரம் ஏறி நின்று பார்க்கட்டும். நாளாக ஆகத் தண்ணீர் வெதுவெதுப்பானது.

முதல் நாள் அவரை இறக்கியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தப் பெண் முன்னால், அண்ணன் பின்னால். படியில் ஒவ்வொரு அங்குலமாக இறங்க இறங்க அவர் உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. நெஞ்சளவு வந்ததும் அந்தப் பெண் மெல்லக் கையை எடுத்தாள். அவர் நின்றார். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானே நின்றார். நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். எந்தத் தொட்டியை வாய் ஓயாமல் திட்டினேனோ அதன் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே அழுதேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீர்க் கிறுக்குப் பிடித்துவிட்டது. விடிந்ததும் முதல் வேலையாகப் போய்க் குளத்தைப் பார்ப்பேன். விடியற்காலைக் குளிரில் குளம் முழுக்க வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். எனக்குப் பெருமை தாங்காது. “பாருங்ணா, டீத் தண்ணி மாதிரி ஆவி பறக்குது!” என்று வேலிக்கு அப்பால் கூப்பிட்டுக் காட்டுவேன். அவரும் வந்து பார்த்து, “பழனி மலையில பஞ்சாமிர்தம் கெடச்ச மாதிரி சந்தோசமா இருக்குதுங்க அம்மிணி” என்பார்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. காலையில் சக்கர நாற்காலியில் குளத்தோரம் கொண்டுவந்து விட்டால், ஆவியைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். “போதும்! போதும்!” என்று இடது கையை ஆட்டிக் கத்துவார். குளத்தில் இறங்கப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். “இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுமுங்க, என்ற சாமியல்ல” என்று குழந்தையைக் கொஞ்சுவது போலக் கொஞ்சுவேன். அவர் என்னை எரித்துவிடுவது போலப் பார்ப்பார். பக்கவாதம் அந்தப் பார்வையை ஒன்றும் செய்யவில்லை.

இப்படியிருக்கும்போது குளத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை நீல ஓடு பதித்திருந்தோம். முதலில் ஓட்டின் அடி தெரிந்தது. பிறகு ஓட்டுக்குக் கீழே வெள்ளைச் சுவர் தெரிந்தது. நெஞ்சில் நின்ற தண்ணீர் அவர் வயிற்றுக்கு வந்தபோது, ஒரு காலையில் வலது முழங்கால் மடங்கி, கம்பியிலிருந்து கை நழுவி முங்கிவிட்டார். அந்தப் பெண் பாய்ந்து பிடித்தாள். தண்ணீர் ஒரு விரல் குறைந்தால் அவர் பாரம் ஒரு விரல் கூடுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

“இடுப்புக்குக் கீழ போச்சுன்னா நிறுத்திரணும் ஆன்ட்டி. ரிஸ்க் எடுக்க முடியாது” என்றாள். நிறுத்தினால் இத்தனை நாள் வந்த பலமும் போய்விடும் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஊற்று அந்தக் கோடையில் நூல் மாதிரி ஆகிவிட்டது. ஊர்க்குழாய்த் தண்ணீர் எப்போது வருமென்று அதைத் திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. லாரி எங்கள் பாதையில் ஏறாது. போவதை நிறுத்தினால்தான் உண்டு. எங்கே போகிறது?

ஒழுகுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. “வெயிலுக்கு வத்தறதுக்கு இதென்ன திருச்சியா, வேலூரா?” என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். எனக்கும் அதே எண்ணம்தான். இந்தக் குளிரில் தண்ணீர் எப்படி ஆவியாகும்? துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தேன். விரிசல் மாதிரித் தெரிந்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு சொட்டு விட்டேன். ஒழுக்கிருந்தால் நீலம் அந்தப் பக்கம் இழுபடும். ஒரு சொட்டும் இழுபடவில்லை. அங்கங்கே பூப்போல விரிந்து கரைந்தது. குளம் முன்னைவிடக் கொஞ்சம் வெளுத்ததுதான் லாபம்.

அடுத்து சந்தேகம் காட்டெருமை மேல் விழுந்தது. சாயங்காலத்தில் ஒன்று தனியாகச் சரிவில் இறங்கி வருவதை அண்ணன் பார்த்திருந்தார். “அதுதானுங்க ராத்திரி வந்து குடிச்சுப்போட்டுப் போவுது!” என்றார். குளம் நிறையக் குடித்துவிட்டுப் போக அது காட்டெருமையா, அகத்தியரா? ஆனாலும் காப்பாற்ற வேறு வழி தெரியாதபோது மனசு எதையும் நம்பும். முள்வேலி போட்டோம். எருமை வரவில்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

அன்று காலை நல்ல குளிர். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. குளத்தின் மேல் ஆவி அடர்த்தியாக எழும்பிக்கொண்டிருந்தது. நாற்காலியை ஓரத்தில் நிறுத்திவிட்டு நான் துண்டு எடுக்கத் திரும்பினேன். “போதும்!” என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், தோளில் போர்த்தியிருந்த கம்பளிச் சால்வையை இடது கையால் உருவிக் குளத்தில் வீசிவிட்டார். புதுச் சால்வை! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னங்க இது கூத்து?” என்று கத்தப் போனவள் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அந்த முகம் எனக்குத் தெரியும். ரசச் சட்டிக்கு முன்னால் கையில் மூடியோடு நிற்கிற முகம்.

குளத்தைப் பார்த்தேன். சால்வை விரிந்து மிதந்தது. சுற்றிலும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. சால்வை கிடந்த இடத்தில் மட்டும் இல்லை. அவர் சால்வையைக் காட்டினார், ஆவியைக் காட்டினார், தண்ணீர் கீழே இறங்கியதால் தனியே நின்ற நீல ஓட்டு வரிசையைக் காட்டினார். “போதும்” என்றார். இந்தத் தடவை கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் என்னிடம் மூடி கேட்டிருக்கிறார்.

எனக்கோ எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒத்துக்கொண்டு பழக்கமில்லை. அவர் சொன்னதை உடனே ஒத்துக்கொண்டு பழக்கம் அதைவிட இல்லை. குளத்துத் தண்ணீரையே இரண்டு பாத்திரத்தில் ஒரே அளவாக மொண்டு, வெந்நீர் கலந்து, ஒன்றைத் தட்டுப் போட்டு மூடி, இன்னொன்றைத் திறந்து, வெளித்திட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மூடியது அப்படியே இருந்தது. திறந்தது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியிருந்தது. இரண்டையும் அவர் மடியருகே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகத்தின் இடது பாதி சிரித்தது.

நாங்கள் கூரைக்குழாயில் தண்ணீரைச் சூடேற்றச் சூடேற்ற, இரவின் காய்ந்த குளிர்காற்று அதை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. சூடும் போச்சு, தண்ணீரும் போச்சு. அதைத்தான் நான் டீத் தண்ணீர் என்று ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “வெண்ணெயக் கையில வெச்சுட்டு நெய்க்கு அலஞ்ச கதையாப் போச்சுங்க அம்மிணி! பனிக்கு மூடோணும்னு தெரியுது, வெயிலுக்கு மூடோணும்னு தோணுச்சா பாருங்க. நம்ம கையாலயே உருவிப்போட்டமே!” பழைய தார்ப்பாயை விரித்துப் பார்த்தார். எலி கடித்து ஓட்டையாகிக் கிடந்தது. நன்றாக இருந்தாலும் வெயிலை மறைத்துவிடும் என்றார். தன் தோட்டத்துக்குப் போனார்.

அங்கே அவர் கார்னேஷன் பூப்போட்ட பசுமைக்குடில் ஒன்று நின்றது. பூவுக்கு விலை விழுந்துவிட்டதால் சும்மா கிடந்தது. என்றைக்காவது மறுபடி பூப்போடலாம் என்று அதன் மேல் யாரையும் கை வைக்க விட மாட்டார். சொந்த மருமகன் மாட்டுக்கொட்டகைக்குக் கேட்டபோதே கொடுக்காதவர். கத்தியை எடுத்து அதன் கூரையில் போட்டிருந்த பாலித்தீன் தாளை நடுவில் கிழித்து இறக்கினார். நான் ஓடிப்போய், “வேண்டாங்ணா, வேற ஏதாச்சும் பாத்துக்கலாம்” என்றேன்.

“பூவு அப்பறம் பூத்துக்குதுங்க. மாப்பிள்ள மொதல்ல நிக்கட்டும்” என்றார்.

வெயிலை உள்ளே விட்டு ஆவியை வெளியே விடாத தாள் அது. ஓரங்களில் மணல் நிரப்பிய உரச்சாக்குகளை வைத்தோம், இல்லாவிட்டால் கேத்திப் பள்ளத்தாக்குக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். முதல் நாள் காலை தாளைச் சுருட்டியபோது அதன் அடிப்பக்கம் முழுக்க நீர்முத்துகள். எல்லாம் குளத்துக்குள்ளேயே சொட்டின. நீல ஓட்டு வரிசையை நோக்கித் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. நூலாக வந்த ஊற்று இப்போது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு வந்தது. அவர் திரும்ப நின்றார். பிறகு ஓர் அடி வைத்தார்.

மே மாதம் மூடி வேறு வேலை காட்டியது. வெயிலும் கூரைக்குழாயும் மூடியும் சேர்ந்து தண்ணீரைக் காய்ச்சிவிட்டன. அவருக்குத் தலை கிறுகிறுத்தது. அந்தப் பெண் வெப்பமானியைப் போட்டுப் பார்த்து, இது ஆகாது என்றாள். மோட்டாரை நிறுத்தி, சாயங்காலம் கொஞ்ச நேரம் தாளை விலக்கி ஆவி போகவிட்டேன். போதிய சூடு ஆறியதும் மூடினேன். ரசத்தை எப்போது மூட வேண்டும், எப்போது மூடக் கூடாது என்று இத்தனை வருடம் அவரோடு மல்லுக்கு நின்றது வீண் போகவில்லை. “பாத்தீங்களா, தொறக்கறதுக்கும் ஒரு நேரம் இருக்குது” என்றேன். “போதும்” என்றார். அதற்கு என்ன அர்த்தமென்று எனக்கு நன்றாகவே தெரியும்.

மழைக்கு மேகம் கூட ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள், அவர் குளத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: “ஆன்ட்டி, இனி தண்ணிய இறக்கணும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தத் தண்ணீருக்காகச் சொட்டு நீலமும் முள்வேலியுமாகப் பைத்தியம் பிடித்து அலைந்தோமோ அதையா?

“தண்ணி தாங்கினது போதும். கொஞ்சம் கொஞ்சமா அவரோட பாரத்த அவரே தாங்கட்டும்” என்றாள்.

மூடியை எடுத்தோம். ஊற்றுக் குழாயைத் திருப்பிவிட்டோம். ஆவியாகப் போனது போக, குளத்தடிக் குழாயின் மூடியைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ட்ரம்மில் பிடித்து, குளத்தில் போடும் குளோரின் மருந்தின் வாடை போகும்வரை வெயிலில் வைத்து, பக்கத்துத் தோட்டத்துக் கேரட்டுக்கு அனுப்பினோம். அந்தத் தண்ணீரை அண்ணன் பாத்தியில் திருப்பிவிடும்போதெல்லாம் வேலியோரம் நின்று பார்ப்பேன். ஒரு பசுமைக்குடிலுக்கு இது ஈடாகாது. ஆனாலும் பார்க்க நிறைவாக இருந்தது. நெஞ்சளவு வயிறளவானது. வயிறு இடுப்பானது. விரல் விரலாக அவர் பாரம் அவரிடமே திரும்பி வந்தது. அவர் கீழே விழவில்லை.

முழங்காலளவு வந்த அன்று அந்தப் பெண் படியேறிக் கரைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் தனியாக நின்றார். இடது கையைக் கம்பிக்கு மேலே ஒரு விரலளவு தள்ளிப் பிடித்திருந்தார், தொடாமல். வலது கால் நடுங்கியது. இந்த மட்டுக்கு நிற்கிறாரே, இதுவே எத்தனை பெரிய கொடுப்பினை என்று தோன்றியது. நன்றியில்லாமல் மேலும் மேலும் கேட்கக் கூடாது என்றும் தோன்றியது.

“போதுங்களா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். உதடு கோணியது. நாக்கு எதையோ தேடித் தடவியது. எப்போதும் வருகிற வார்த்தை வாசல் வரை வந்து நிற்பதையும், அதை அவர் பிடித்து அந்தப் பக்கம் தள்ளுவதையும் நான் கண்ணால் பார்த்தேன்.

“இ… இன்னும்” என்றார்.

நான் எழுந்துபோய்க் குழாயின் மூடியைத் திறந்தேன்.